மல்லாட்டை மூட்டையும் மீட்டர் கேஜும்

திருவண்ணாமலையை ரயிலோடு சேர்த்து ஒரு மேசைமேல் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதல் நாளே மலையைக் கைவிட வேண்டியிருக்கும். மாதிரி ரயில் கட்டுவோர் உலகெங்கும் அதிகம் கையாளும் அளவுக்கு ஹெச்ஓ என்று பெயர். அசலில் 87 அடி நீளமுள்ள பொருள் மாதிரியில் ஒரு அடியாகும். ஊரின் மலையான அருணாசலம் கடல்மட்டத்துக்கு மேல் 814 மீட்டர். ஊர்த்தரையிலிருந்து எழும் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது இந்த அளவில் இரண்டு மாடி வீட்டுக்குச் சமம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை 160 மீட்டராகும். விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரையுள்ள சுமார் 160 கிலோமீட்டர் இருப்புப்பாதையை முழுதாகப் போட ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீள மேசை வேண்டும். கைக்கு அடங்குவது கிழக்கு ராஜகோபுரம் ஒன்றுதான்: 217 அடி, மாதிரியில் இரண்டரை அடி. ஆகவே என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். நடுவில் கோபுரம், பின்னால் அட்டையில் வெட்டிய கூம்பு மலை, உச்சியில் தீபத்துக்கு ஒரு சிவப்பு பல்பு, இவற்றைச் சுற்றி வட்டப்பாதையில் ஓடும் ஓர் இறக்குமதி எஞ்சின். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எஞ்சினை மாற்றிவிட்டு, கோபுரத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அதே அமைப்பு மதுரையாகும், சிதம்பரமாகும். ஓர் ஊருக்கு உண்மையாக இருக்க வேண்டிய மாதிரி ரயில் அந்த ஊரின் சரக்குப் பெட்டியிலிருந்துதான் தொடங்க முடியும் என்பது என் வாதம். கோபுரமும் மலையும் பின்னால் வரட்டும்.

எஞ்சின் எந்த ஊருக்கும் சொந்தமானதல்ல. மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) காலத்தின் ஒய்பி வகை நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியவை. தமிழ்நாட்டில் ஓடிய அதே வகைதான் ராஜஸ்தானத்திலும் அஸ்ஸாமிலும் ஓடியது. பயணிகள் பெட்டியும் அப்படித்தான். அதில் ஏறியவர் இறங்கிப் போனபின் அவர் யார், எதற்கு வந்தார் என்பதற்குப் பெட்டியில் தடயம் ஏதும் மிஞ்சாது. சரக்குப் பெட்டியின் கதை வேறு. அதில் என்ன ஏறியது, எந்த நிலையத்தில் ஏறியது, எங்கே இறங்க வேண்டியது, எடை எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் எழுத்துச் சான்று உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் செருகிய அடையாளச் சீட்டு, கதவுக் கொண்டியில் போட்ட சீல், சரக்கு குமாஸ்தா சாக்குக்கட்டியால் கிறுக்கிய ஊர்ப்பெயர், இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு வேகன். கோயில் ஊருக்கு ரயில் என்றாலே தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் விடும் சிறப்பு ரயில்கள்தானே என்று கேட்கலாம். கார்த்திகையில் லட்சக்கணக்கானோர் வருவது உண்மை. ஆனால் அந்தத் தீபத் திருவிழாவே பெரிய மாட்டுச் சந்தையோடு சேர்ந்து நடந்துவந்த விழா. கோயில் ஊர் சந்தை ஊராகவும் இருப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல. பக்தர் வந்து போகும் சில நாட்களை மட்டும் கட்டிவைத்துவிட்டு, வியாபாரி கணக்கெழுதும் மீதி நாட்களை விட்டுவிட்டால் ஊரில் பாதியைக்கூடக் கட்டியதாகாது.

நிலவியலை வைத்தே இதைக் காட்டலாம். திருவண்ணாமலையில் ஊர் மலையின் கிழக்கடியில் இருக்கிறது, இருப்புப்பாதை ஊருக்குக் கிழக்கே போகிறது. மாதிரியைப் பார்ப்பவரைக் கிழக்கே நிறுத்தி மேற்கு நோக்கிப் பார்க்கச் செய்தால் முன்னால் நிலையமும் கூட்ஸ் ஷெட்டும், பின்சுவரில் ஓவியமாகக் கோபுரமும் மலையும் தாமாக அமைந்துவிடும். மேசைக்கு அடங்காத மலை, தூரத்து ஓவியமாகும்போது பொய்யாவதில்லை, ஏனென்றால் நடைமேடையில் நிற்பவருக்கும் அது தூரத்தில்தான் தெரியும். இந்த அமைப்பில் இடக்கைப் பக்கம் போகும் வண்டி தண்டரை, திருக்கோவிலூர், மாம்பழப்பட்டு வழியாக விழுப்புரம் போகும். வலக்கைப் பக்கம் போவது துரிஞ்சாபுரம், போளூர், ஆரணி ரோடு, வேலூர் தாண்டிப் பாலாற்றைக் கடந்து காட்பாடி போகும். இரண்டும் சமமான திசைகள் அல்ல. மீட்டர் கேஜ் நாட்களில் இடப்பக்கம் போன மூட்டை விழுப்புரத்தில் வேறு கேஜுக்கு மாறாமலே புதுச்சேரித் துறைமுகம் வரை அதே வேகனில் போகலாம். விழுப்புரம் – புதுச்சேரிப் பாதை 1879-இலேயே வந்துவிட்டது. வலப்பக்கம் போன மூட்டையோ காட்பாடியில் அகலப் பாதையை எதிர்கொள்ளும். அதில் போக வேண்டிய ஒவ்வொரு மூட்டையையும் அங்கே ஆள் தூக்கி இந்த வேகனிலிருந்து அந்த வேகனுக்கு மாற்றியாக வேண்டும். அதற்குக் கூலி, அதற்குத் தாமதம், அதில் சிதறும் சரக்கு. தென்னார்க்காடு, வடஆர்க்காடு மாவட்டங்களின் மல்லாட்டை (நிலக்கடலை) 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்குப் போய் அங்கே எண்ணெயும் சோப்பும் ஆனது. ஒரு சரக்குப் பெட்டியை மேசையில் இடப்பக்கம் பார்த்து நிறுத்துவதா, வலப்பக்கம் பார்த்து நிறுத்துவதா என்ற சின்னக் கேள்விக்குள் இவ்வளவு இருக்கிறது. கோபுரத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் இப்படியொரு கேள்வி பிறக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று ஒரு சிறு ஊர் வியாபாரி ஒரே ஒரு வேகனைத் தனக்கென்று பதிவு செய்யலாம். அதற்கும் சரக்கு போதாதவர் நாலைந்து மூட்டைகளை மட்டும் ரசீது போட்டு அனுப்பலாம். கலப்பு வண்டி ஒன்று வரும். அதன் எஞ்சினே கழன்று சைடிங் என்ற பக்கப் பாதைக்குள் போய், ஏற்றித் தயாராக நிற்கும் பெட்டியை இழுத்துவந்து வண்டியோடு கோத்துக்கொண்டு போகும். பாயிண்ட்ஸ்மேன் கொடி காட்ட, கார்டு சீட்டுச் சரிபார்க்க, அரை மணி நேரம் நிலையம் முழுவதும் அந்த ஒரு பெட்டிக்காக இயங்கும். 1980-களிலிருந்து ரயில்வே முழு ரேக்காக மட்டுமே சரக்கெடுக்கும் முறைக்கு மெல்ல மாறியது. இன்று பிசிஎன் வகை மூடு வேகன்கள் நாற்பதுக்கு மேல் ஒரே கோவையாக, அரை கிலோமீட்டர் நீளத்துக்கும் மேலாக, ஒரே சரக்கோடு ஓரிடத்தில் புறப்பட்டு ஓரிடத்தில் போய் நிற்கின்றன. ரயில்வேயின் கணக்கில் இது சரியான முடிவாக இருக்கலாம். எஞ்சினின் நேரமும் பாதையின் நேரமும் மிச்சமாகின்றன. ஆனால் பத்து மூட்டைக்காரரும் ஒற்றை வேகன்காரரும் லாரிக்குப் போய்விட்டார்கள், சிறு நிலையங்களின் கூட்ஸ் ஷெட்டுகள் பூட்டிக்கொண்டன. மாதிரி ரயிலில் ‘ஷண்டிங்’ பார்ப்பதுதான் பெரிய மகிழ்ச்சி என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு சமூக ஏற்பாடு இருந்தது: சிறிய வியாபாரிக்கும் ரயிலில் ஓர் இடம். ஒற்றைப் பெட்டியை எடுத்து, நகர்த்தி, கோத்துக் காட்டும் மாதிரி அந்த ஏற்பாட்டையே இயக்கிக் காட்டுகிறது.

இப்போது அந்த ஒற்றைப் பெட்டியைக் கையிலெடுப்போம். மீட்டர் கேஜின் நான்கு சக்கர மூடு வேகன், மாதிரியில் ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். கடையில் கிடைக்கும் ஐரோப்பிய வேகனுக்கு வண்ணம் மாற்றி அடித்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஐரோப்பிய வேகனின் இரு முனைகளிலும் வலமும் இடமுமாக இரண்டிரண்டு பஃபர்கள் துருத்திக்கொண்டிருக்கும். நம் மீட்டர் கேஜ் வேகனுக்கு நடுவில் ஒரே பஃபர், அதிலேயே கொக்கி. அந்த இரண்டு காதுகளையும் அறுக்காத வரை அது இந்த மண்ணின் வண்டி ஆகாது. உடலை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலோ கெட்டி அட்டையிலோ வெட்டி, ரிவெட் வரிசையைப் பின்பக்கமிருந்து மழுங்கிய ஊசியால் குத்திப் புடைக்கச் செய்ய வேண்டும். அடியில் வேக்குவம் பிரேக்கின் சிலிண்டர், முனையில் தொங்கும் ரப்பர் குழாய், கதவில் கொண்டி, பக்கத்தில் சீட்டுச் செருகும் சட்டம். இவ்வளவும் வைத்தபின் பெட்டியின் மேலெழுத்து: உடைமையாளர் ரயில்வே, எண், வெற்று எடை, ஏற்றக்கூடிய எடை, கடைசியாகப் பழுதுபார்த்த பணிமனையும் தேதியும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியது. 1951 ஏப்ரல் 14-இல் தென்னிந்திய ரயில்வே, மெட்ராஸ் – தென் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. எனவே அரை சென்டிமீட்டர்கூட இல்லாத இந்த எழுத்துக்களைத் தீட்டும்போதே கட்டுபவர் தன் மாதிரியின் காலத்தை எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறார்.

உள்ளே ஏற்றும் சரக்குக்கும் ஒழுக்கம் உண்டு. தோலோடு கூடிய மல்லாட்டை இடத்தை அடைக்கும், எடை போடாது. அதை ஏற்றிய பெட்டி கூரை முட்ட நிறைந்தாலும் அனுமதித்த எடையை எட்டாது, வில்கள் அதிகம் தாழாது. அரிசி மூட்டையோ கூரைக்கு வெகு கீழேயே எடையை எட்டிவிடும். அதனால் கதவு திறந்து நிற்கும் மாதிரிப் பெட்டியில் மூட்டைகளை எந்த உயரம் வரை அடுக்குவது என்பது அழகு சார்ந்த முடிவு அல்ல. உள்ளிருப்பது எது என்பதைப் பொறுத்தது. மூட்டைகளை எம்-சீலில் உருட்டி, காய்வதற்குள் கட்டுத்துணியை அதன்மேல் அழுத்தி எடுத்தால் சணல் நெசவு பதியும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நான்கு மூலையும் ஒரேபோல் இருக்கக்கூடாது, நடுவில் ஒரு பள்ளம் வேண்டும். பிறகு அழுக்கு. கூரையில் எஞ்சின் புகைக்கரி, கீழ்ப்பாதியில் செம்மண் தூசி, கதவடியில் மட்டும் மூட்டை உரசி உரசிப் பளபளத்த இரும்பு. காய்ந்த தேயிலைச் சக்கையைச் சலித்துத் தரைக்குப் போடலாம். இறக்குமதியாகும் ஊசியிலை மரங்களைத் தவிர்த்துவிட்டு வேம்பும் புளியும் பனையும் கையால் செய்ய வேண்டும். எடை ஒன்றில் மட்டும் தோற்றுத்தான் ஆக வேண்டும். 30 டன் வேகன் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் அதன் எடை 87-ஐ மூன்று முறை பெருக்கிய எண்ணால் வகுபட்டு 46 கிராமுக்கும் கீழே போகும். அவ்வளவு லேசான வண்டி தண்டவாளத்தில் நிற்காது. அடியில் ஈயம் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். இயற்பியல் நம்மோடு சேர்ந்து சுருங்க மறுக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கலையைச் செய்ய முடியும்.

காலத்தைக் குறிக்காத மாதிரி எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்குத் திருவண்ணாமலையின் வரலாற்றிலேயே மறக்க முடியாத சான்று இருக்கிறது. 1896 ஆகஸ்ட் இறுதியில் மதுரையை விட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், வழி பார்க்க ஒரு பழைய நிலப்படத்தைப் புரட்டினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் பாதை 1890-களின் தொடக்கத்திலேயே போடப்பட்டுவிட்டது. படம் அதற்கும் முந்தையது. திருவண்ணாமலைக்கு அருகிலிருக்கும் நிலையம் திண்டிவனம் என்று அது காட்டியது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவைத் திண்டிவனம் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சக் காசு விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு வரைதான் ரயிலுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு நடை, அறையணிநல்லூர்க் கோயில், கீழூரில் கடுக்கனை அடகு வைத்தது, அதன்பின் மீண்டும் ரயிலேறி செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை. பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டவரின் அந்தப் பயணத்தை அடியார்கள் அருளின் திருவிளையாட்டாகப் படிப்பார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கவனிப்பது நிலப்படத்தை மட்டும். அது பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததைத்தான் சொன்னது. தேதி பார்க்காமல் நம்பியதால் வந்த சுற்று அது. 1960-ன் எஞ்சினும் 1930-ன் வேகனும் 2010-க்குப் பிந்தைய நடைமேடைக் கூரையும் ஒன்றாக நிற்கும் மாதிரியும் அந்த நிலப்படம் செய்ததைத்தான் பார்ப்பவருக்குச் செய்யும். (திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை போட அறிவிப்பு வந்து எத்தனையோ ஆண்டுகளாகின்றன. இன்னும் வண்டி ஓடவில்லை.)

கேஜ் கணக்கும் மீட்டர் கேஜ் பக்கமே நிற்கிறது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். ஹெச்ஓ அளவில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான், ஏனென்றால் அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்காகச் செய்தது. அதில் இந்தியப் பெட்டியை நிறுத்தினால் அசலில் 24 சென்டிமீட்டர் குறுகிய பாதையில் நிற்பதுபோல் இருக்கும். அகலத்துக்குப் பெயர்போன பாதை ஒல்லியாகிவிடும். மீட்டர் கேஜுக்கு 11.5 மில்லிமீட்டர் போதும். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர் கேஜ் என்பதால் அவற்றுக்காகச் செய்யும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. பிழை அரை மில்லிமீட்டர். வளைவிலும் இதே கதை. வீட்டுக் கூடங்களில் வழக்கமாகப் போடும் 18 அங்குல ஆரமுள்ள வட்டம் அசலில் 40 மீட்டர் ஆரம். இந்திய மீட்டர் கேஜின் மிகக் கூர்மையான வளைவுக்கே 109 மீட்டர் வேண்டும். ஆகவே வட்டப்பாதையை மறந்துவிட்டு, சுவரோரம் நீளமாக, ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் பாதை போடுவதே நேர்மை. திருவண்ணாமலை நிலையமும் அப்படித்தான் இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் போகிறது, வட்டமடிப்பதில்லை.

இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எதிர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் முதன்முதலாக ஒழுங்குபடுத்திய அளவுகளில் பொம்மை ரயில் பாதையைக் கொண்டுவந்தது. அங்கே அது குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த பொருளானபோது இங்கே விழுப்புரம் – காட்பாடிப் பாதைக்கு ஆட்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். இன்றும் நல்ல எஞ்சின் ஒன்றின் விலை நம் நடுத்தரக் குடும்பத்தின் மாத வருமானத்தைக் கேட்கும். ஆனால் இந்த எதிர்ப்பு எஞ்சினைத்தான் தாக்குகிறது, வேகனை அல்ல. சக்கரத்தையும் தண்டவாளத்தையும் தவிர ஒரு சரக்குப் பெட்டிக்கு வேண்டிய அனைத்தும் ஸ்டேஷனரிக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அதோடு, ஊரைச் சிறிதாகக் கட்டும் பழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. நவராத்திரிக் கொலுவின் அடிப்படியருகே மணல் கொட்டி, கேழ்வரகு விதைத்துப் பயிராக்கி, கண்ணாடியைக் குளமாக்கி, கடைத்தெருவும் கோயிலும் வைத்துப் ‘பார்க்’ கட்டாத தெரு தமிழ்நாட்டில் அரிது. அதில் பொம்மை ரயிலும் ஓடியிருக்கிறது. அந்தக் கைகளுக்குத் திறமையில் குறைவில்லை. ஒரு குறிப்பிட்ட ஊரை, ஒரு குறிப்பிட்ட ஆண்டை ஆராய்ந்து கட்டும் பொறுப்பு ஒன்றைத்தான் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்றுண்டு. மீட்டர் கேஜை இப்படிக் கொண்டாடுவது வெள்ளைக்காரன் காலத்து ஏக்கம்தானே? அந்த ரயில் நம் விளைச்சலை அள்ளிக்கொண்டு போகப் போட்டதுதானே? 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருக்கையில் தானியம் ஏற்றுமதியானதும், ரயில் பாதையோரம் விலை ஏறியதும் வரலாறு. 1880-இன் பஞ்சக் கமிஷன் பாதைகளைப் பெருக்கச் சொன்னது. அதன் பின்னர்தான் விழுப்புரம் – காட்பாடிப் பாதையும் வந்தது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டைப் பளபளக்கும் எஞ்சின் மறைக்கும், சரக்குப் பெட்டி மறைக்காது. மார்சேய்க்குப் போகும் மூட்டையும் அதைத் தூக்கும் முதுகும் மேசைமேல் இருக்கும்போது ஏக்கத்துக்கு இடம் குறைவு. உண்மையான மாதிரி இன்னும் மேலே போக வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்ற பிரிவினை இருந்தது. சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து போராடி 1941-இல் அது ஒழிந்தது. 1935-இன் சந்திப்பு நிலையம் ஒன்றைக் கட்டுபவர் அந்தப் பிரிவினையை வைக்காமல் விட்டால் அவர் அழகைத் தேர்ந்து உண்மையை விட்டவர். அதேபோல 1952 ஆகஸ்ட் 1-இல் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தைப் பெரியார் நடத்தினார். அந்த ஆகஸ்டைத் தன் காலமாக எடுத்துக்கொள்பவர், தன் நிலையத்துப் பலகையில் தார் விழுந்ததா இல்லையா என்று தேடிப் போயே ஆக வேண்டும். கட்டுரை எழுதுபவன் இந்த இடத்தை ஒரு வாக்கியத்தால் தாண்டிவிடலாம். பலகையைச் செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. பலகையில் ஒன்று எழுத்து இருக்கும், அல்லது கறுப்புப் பட்டை இருக்கும்.

புகைப்படமும் காணொலியும் அருங்காட்சியகமும் இருக்கையில் எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதிலின் தொடக்கம். புகைப்படக்காரர்கள் எஞ்சினைத்தான் துரத்தினார்கள். வேகன் அகப்பட்டிருந்தால் அது தற்செயல். புகைப்படம் காட்டாத பின்பக்கம் ஒன்று எப்போதும் உண்டு. மாதிரிக்குப் பின்பக்கமே கிடையாது, எல்லாப் பக்கமும் முன்பக்கம். கூட்ஸ் ஷெட்டின் கதவு எந்தத் திசையில் திறந்தது, மாட்டுவண்டி எங்கே திரும்பியது, மழைத்தண்ணீர் எங்கே போனது என்று கட்டும்போது கேள்விகள் பிறக்கின்றன. பதில் தேடிப் போகும் அந்த வேலைதான் ஆய்வு. இங்கிலாந்துக்கு ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் 1925-இல் வந்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்மேற்கே ஒரு பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறுவதைப் பார்த்தார். அழிவதற்குள் அளந்து 76-இல் ஒரு பங்காக அட்டையில் கட்டத் தொடங்கினார். 1954-இல் அது பெண்டன் அருங்காட்சியகமானது. அவருக்குப் பின்னும் தன்னார்வலர்கள் 1930-களின் அந்தக் கிராமங்களை இன்றுவரை கட்டிவருகிறார்கள். ஹாம்பர்க்கில் 2001-இல் தொடங்கிய மினியட்டூர் வுண்டர்லாண்ட் இதைவிடப் பல மடங்கு பெரியது, கூட்டமும் அங்கேதான். என் மதிப்பில் பெண்டன்தான் உயர்ந்தது. ஒன்று வியக்கவைக்கிறது, மற்றது சான்றாக நிற்கிறது. புனேயில் 1998 முதல் ஜோஷி குடும்பத்தின் குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பூரிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. தமிழ்நாட்டின் ஒரு குறிப்பிட்ட நிலையத்தை, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், அதன் சரக்கோடு கட்டிக் காட்டும் முயற்சிக்கு அவற்றில் ஓர் அறை கிடைத்தால் போதும்.

மாதிரிக்கு ஒரு குறை உண்டு, அதை ஆதரிப்பவர்களே சொல்லிவிடுவது நல்லது. அதற்குத் ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாது. கூட்ஸ் ஷெட்டின் கூரை ஓடா தகரமா என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு கூரையைப் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டபின் அது உண்மைபோல் நிற்கும், அடுத்து வருபவர் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார். இதற்கு ஒரே மாற்று, மாதிரியோடு ஒரு குறிப்பேடும் இருப்பது: இது அளந்தது, இது படத்திலிருந்து, இது முன்னாள் ஊழியர் சொன்னது, இது என் ஊகம். குறிப்பேடு இல்லாத மாதிரியை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

விழுப்புரம் – காட்பாடிப் பாதை 2010 வாக்கில் அகலப் பாதையாகிவிட்டது. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் ஓடுவது நீலகிரி மலை ரயிலில் மட்டும். திருவண்ணாமலையிலோ போளூரிலோ ஆரணி ரோட்டிலோ கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் சரக்கு ரசீது, வேகன் சீட்டு, பணி நேர அட்டவணை, சைடிங் வரைபடம், பழைய நிலையப் படம் ஏதாவது இருக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஒரு நகலாவது எடுத்து, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். கட்டிடம் இன்னும் நின்றால், இடிப்பதற்கு முன் ஒரு டேப்பைப் பிடித்து நீளம், அகலம், கதவின் உயரம் மூன்றையும் எழுதி வையுங்கள்.